எம்டனை அறிவோம், நம்மவரை அறிவோமா?

தந்திரமும் துணிச்சலும் மிக்க ஒருவனைக் கண்டால், "அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் கூறுவதுண்டு. வயலில் வரம்பு கட்டுபவரும் அப்படிச் சொல்வர். நீதிமன்றத்தில் வாதாடுபவரும் சொல்வர். ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் தமிழரின் நாவில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறது. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னை மீது குண்டு பொழிந்து, எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ மூட்டி, வந்த வேகத்திலேயே இருளில் மறைந்த கப்பல் அது. அந்த எம்டனை அழித்தவர் யார் என்று கேட்டால் நம்மிற் பலர் விடை கூறமாட்டார்.

அழித்தது 'சிட்னி' என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல். அவுஸ்திரேலியாவின் முதற் படையணியை ஏற்றிச் சென்ற கப்பற் கூட்டத்துக்குக் காவலாக வந்துகொண்டிருந்த அது, 1914 நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவின் அருகே எம்டனைத் தாக்கிச் சிதைத்தது. எம்டனில் 134 பேர் மாண்டனர். சிட்னியில் மாண்டோர் நால்வர். சிறைப்பட்டவர்களும் காயம் அடைந்தவர்களும் நமது கொழும்புத் துறைமுகத்துக்கே கொண்டுவரப்பட்டனர். ஓர் இளம் நாட்டின் கடற்படை பெற்ற முதற் பெருவெற்றியின் முடிவுரை நம் கரையில் எழுதப்பட்டது. நாமோ தோற்ற கப்பலின் பெயரை மட்டும் நாவில் வைத்துக்கொண்டோம்.

அவுஸ்திரேலியர் தம் போர் வரலாற்றை எவ்வாறு பேணுகின்றனர் என்பதையும், அதே வரலாறு திருகோணமலையைத் தொட்டபோது நம்மவருக்கு நேர்ந்ததை நாம் எவ்வாறு பேணினோம் என்பதையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நாம் எழுதுவதன் நோக்கம். ஏப்ரல் 25 அவர்களது நினைவு நாள். ஏப்ரல் 9 நமது நினைவு நாளாக இருந்திருக்க வேண்டிய நாள்.

ஏப்ரல் 25 வெற்றி நாளன்று. 1915இல் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கிய நாள் அது. எட்டு மாதம் பள்ளத்திலும் பாறையிலும் கிடந்து, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட அவுஸ்திரேலியரைப் பலிகொடுத்து, எண்ணியது கைகூடாமலே அப்படைகள் திரும்பின. அத்தோல்வியையே அந்நாடு தன் பெருநாளாக ஏற்றது. வென்றோமா தோற்றோமா என்பதைக் காட்டிலும், மாண்டவர் எவர் எவர் என்பதே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டுக்கு வந்த பெருஞ்சோதனை 1942ஆம் ஆண்டு. பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறக்குறைய 15,000 அவுஸ்திரேலியர் யப்பானியரிடம் சிறைப்பட்டனர். மத்திய கிழக்கிலிருந்து தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் படையைப் பர்மாவுக்குத் திருப்ப வேண்டும் என்றார் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில். முடியாது என்றார் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் கேர்ட்டின். அவர் ஒரு காலத்தில் தொழிலாளர் வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். தன் மக்களின் உயிரை எங்கே பணயம் வைப்பது என்பதைத் தன் நாடே முடிவு செய்யும் என்ற அந்த உறுதியின் முன் பேரரசு பணிய நேர்ந்தது. ஆயினும் இலங்கையின் காவலுக்கென இரு படைப்பிரிவுகளைத் தர அவர் இசைந்தார். அவை 1942 மார்ச் முதல் ஜூலை வரை இத்தீவில் நின்றன.

அந்நாளில் இலங்கை மக்களுக்கு அத்தகைய சொல்லுரிமை இருந்ததா? இல்லை. திருகோணமலைத் துறைமுகம் நம் மண்ணில் இருந்தது. அதன் திறவுகோல் இலண்டனில் இருந்தது. உலகிற் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற புகழே அவ்வூருக்குப் பகையாயிற்று. கோணேசர் குடிகொண்ட மலையின் அடிவாரத்தில் பேரரசு தன் கடற்படைத் தளத்தை அமைத்தது. சீனக்குடாவில் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. தாங்கிகளைச் சுமந்தது நம் நிலம். தளத்தில் உழைத்தவர்களுள் நம்மவரும் இருந்தனர். போரை நடத்தியவர் வேறு.

ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9 காலையில், அவை திருகோணமலையின் மேல் வந்தன. கப்பற்றளமும் விமானத்தளமும் குண்டுகளுக்கு இலக்காயின. யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் வீழ்ந்து வெடித்தது. அத்தாங்கி எரிந்து உருகியது. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பலும் தீப்பற்றியது.

வரப்போகும் தாக்குதலை அறிந்து, முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்ற கப்பல்களுள் இரண்டு, பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்', அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வாம்பயர்' என்பன. விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதில் எதிரியை மறிக்க ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் இரண்டும் எதிரியின் கண்ணிற் பட்டன. முற்பகலில், சிறிது நேரத்துக்குள், முதலில் ஹேர்மிஸும் பின்னர் வாம்பயரும் கடலுள் மூழ்கின. ஹேர்மிஸில் முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். வாம்பயரில் மாண்டோரின் தொகை இரு கை விரல்களுக்குள் அடங்கும். அவர்களுள் ஒருவர் அதன் தலைவர் வில்லியம் மொரான். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் இரு கப்பல்களிலிருந்தும் தப்பிய அறுநூறு பேரளவில் மீட்டது.

வாம்பயர் முதல் உலகப் போர்க் காலத்திலே கட்டப்பட்ட பழைய கப்பல். மத்தியதரைக் கடலில் அது சேர்ந்திருந்த அணியைப் பகைவர் 'பழைய இரும்புக் கூட்டம்' என்று எள்ளி நகையாடினர். அவுஸ்திரேலியர் அவ்வசையையே தம் விருதுப் பெயராக்கிக் கொண்டனர். 1941 டிசெம்பரில் மலாயாக் கரைக்கு அப்பால் பிரித்தானியாவின் இரு பெருங்கப்பல்கள் மூழ்கியபோது, நீரில் தத்தளித்தோரை மீட்டவற்றுள் வாம்பயரும் ஒன்று. நான்கு மாதங்களின் பின் அதனையும் நம் கீழைக்கடல் விழுங்கியது.

விரல் விட்டு எண்ணத்தக்க அந்தச் சிலரை அவர்களது நாடு என்ன செய்தது என்பதைப் பாருங்கள். தலைநகர் கன்பராவில் போர் நினைவாலயம் ஒன்று உண்டு. அதன் சுவர்களில் பதித்த வெண்கலத் தகடுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களின் முன் பதவி இல்லை, பட்டம் இல்லை. கப்பல் தலைவனும் கரி தள்ளியவனும் அங்கே சமம். நாள்தோறும் மாலையில், அப்பெயர்களுள் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு அங்கே வாசிக்கப்படுகிறது. எங்கோ மட்டக்களப்புக் கடலில் மறைந்த மாலுமிக்கு எட்டுத் தலைமுறை கழிந்தாலும் பெயர் இருக்கும்.

அதே நாளில் திருகோணமலையில் இருந்த நம்மவர் நிலை என்ன? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், விமானத்தளத்தில் மண் வெட்டியவர், தோணி வலித்தவர், கடைத்தெருவில் நின்றவர் ஆகியோர்மேலும் அதே வானம்தான் கவிந்திருந்தது. குண்டு நிறம் பார்த்து விழுவதில்லை. அன்று மாண்ட உள்ளூர் மக்களின் பெயரை, இன்று திருமலையில் வாழும் எத்தனை பேரால் சொல்ல முடியும்? பாடசாலைகளில் எந்த ஆசிரியர் அவற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்? நிலாவெளி வீதியால் செல்வோர், வரிசை வரிசையாக வெண்கற்கள் நிற்கும் போர் மயானத்தைக் காண்பர். புல் வெட்டப்பட்டு, கல் துடைக்கப்பட்டு, பெயர் மங்காது காக்கப்படுகிறது. அதனைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை. கற்றுக்கொள்ளவில்லையே என்றுதான் வருந்துகிறோம்.

எரிந்து மூழ்கிய சகாயிங் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படை நீரின் மேல் மிதக்கச் செய்தது. சீனக்குடாவில் எஞ்சிய 99 தாங்கிகளை எவ்வாறு பங்கிடுவது என்று கொழும்பும் டில்லியும் பேசி, 2022 ஜனவரியில் ஒப்பமும் இட்டன. இரும்புக்கு விலை உண்டு. ஆகவே இரும்புக்குக் கணக்கும் உண்டு. அந்தத் தாங்கிகளின் நிழலில் உழைத்து மாண்ட மனிதனுக்குக் கணக்கு எங்கே?

இக்குறை திருகோணமலைக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் சிறைப்பட்ட அவுஸ்திரேலியருள் பலர் சயாம்–பர்மா மரணப் புகையிரதப் பாதைக்கு அனுப்பப்பட்டனர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் ஏறக்குறைய 13,000 அவுஸ்திரேலியர் உழைத்தனர். 2,800 பேர் வரையில் மாண்டனர். இவ்வளவு திருத்தமாக அத்தொகையை நாம் சொல்ல முடிவது எவ்வாறு? எட்வேர்ட் டன்லொப் போன்ற மருத்துவர்கள், சிறைமுகாமிலும் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். அப்பாதையிலேயே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 70,000 பேருக்கு மேல். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியிலும் பசியிலும் மாண்டோர் பல்லாயிரவர். எத்தனை ஆயிரம்? கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உண்டு. தமிழனோ காட்டிலே புதைந்தான், காடாகவே ஆனான். அவனுக்கென அந்நகரில் ஒரு நடுகல் நிறுவப்பட்டது 2023இல்தான்; அதுவும் மலேசியத் தமிழர் சிலரின் விடாமுயற்சியால்.

அவுஸ்திரேலியரை நாம் குற்றமற்றவராகக் காட்ட வரவில்லை. முதல் உலகப் போரில் தடைகளையும் மீறிப் படையிற் சேர்ந்த பழங்குடியினர், நாடு திரும்பியபோது, மற்றைய வீரருக்குக் கிடைத்த காணி அவர்களுட் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. தம் நிலத்தைக் காக்கக் குடியேற்றக்காரரை எதிர்த்து மாண்ட பழங்குடி மக்களின் பெயர்கள் அந்த வெண்கலத் தகடுகளில் இல்லை. பெயர் எழுதும் நாடும் சிலர் பெயரை எழுத மறுக்கிறது என்பதே நமக்குப் பாடம். எழுதுகோல் எவர் கையில் உள்ளதோ அவருடைய இறந்தோரே வரலாற்றில் வாழ்கின்றனர்.

"அது வெள்ளையர் போர், அதில் மாண்ட நம்மவருக்குக் கல் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அது நம் போர் அன்று என்பது மெய். அதனாலேயே கணக்கு இன்னும் தேவை. தாமே தேர்ந்த போரில் மாண்டவனுக்குப் புகழாவது மிஞ்சும்; பிறர் போரில் கேளாமல் இழுக்கப்பட்டு மாண்டவனுக்குப் பெயரும் இல்லையென்றால், அவன் இருமுறை மாண்டவனாவான். இரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபோது, பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றதும், உள்ள வயலில் ஒரு பிடி நெல் கூடுதலாய் விளைவிக்கப் பாடுபட்டதும் அப்போரின் வரலாறே. தம்பலகாமத்து உழவனுக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

கல்லில் பெயர் பொறித்து நடுவது நமக்குப் புதிதன்று. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. கன்பரா இன்று செய்வதை நம் முன்னோர் ஊர்தோறும் செய்தனர். அரசரும் படைவீரரும் மட்டுமன்று, ஆநிரை காக்க மாண்டவனும் கல்லாகி நின்றான். அம்மரபை மறந்தவர் நாமே. இதன் பின் இம்மண் கண்ட போர்களின் துயரம் தனியே எழுதப்பட வேண்டியது. ஒன்று மட்டும் சொல்வோம்: பழைய இறந்தோரின் பெயரைக் காக்கப் பழகாத சமூகம், புதிய இறந்தோருக்காக வாதாடும்போது வெறுங்கையோடு நிற்க நேரும்.

ஆகவே நாம் வேண்டுவது இது. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையில் மாண்ட குடிமக்களின் பெயர்களைத் தொகுக்க ஒரு குழு அமையட்டும். சட்டத்தரணிகள் மரணப் பதிவேடுகளைத் தேடட்டும். ஆசிரியர்கள் மாணவரை முதியோரிடம் அனுப்பட்டும். அன்று ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் பழைய ஏடுகள் புரட்டப்படட்டும். மூதூரிலும் கந்தளாயிலும் நிலாவெளியிலும் உள்ள கமக்காரர், தம் வீட்டில் வழங்கும் கதைகளைச் சொல்லட்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், எங்கிருந்தோ பிழைக்க வந்தவர் என்ற வேறுபாடு அந்தப் பட்டியலில் வேண்டாம். கிடைத்த பெயர்களைத் துறைமுகம் தெரியும் இடத்தில் ஒரு கல்லில் பொறிப்போம். பத்துப் பெயர் கிடைத்தாலும் பொறிப்போம். ஒன்றே கிடைத்தாலும் பொறிப்போம்.

அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னுமொரு தலைமுறை கழியும்; சொல்ல ஒருவரும் எஞ்சியிரார். அடுத்த ஏப்ரல் 9 வருமுன் முதற் பெயரை எழுதிவிடுவோம்.