பிளஸ் ஒன் யார் பொறுப்பு?

கடந்த 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை, 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விடைகொடுத்தது. பிள்ளைகளின் பாரம் குறைகிறது, வரவேற்போம். ஆனால், அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் என்பது பெயரளவில்தான் இருந்தது. ஜூன் மாதமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளும் அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். மதிப்பெண் குவிந்தது. கல்லூரிக்குப் போன பிறகுதான் குட்டு உடைந்தது. வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் அறிமுகமாவது பிளஸ் ஒன்னில். நியூட்டனின் விதிகளும் வெப்ப இயக்கவியலும் விரிவாக வருவது அந்த ஆண்டில்தான். கணக்குப்பதிவியலில் இரட்டைப் பதிவு முறையும் அப்படியே. இவற்றைத் தொடாமலே பொறியியல், வணிகவியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்த பிள்ளைகள் திணறினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், நாம்தான் அவர்களை ஏமாற்றினோம்.

அதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அதே ஆண்டிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் தேவையில்லை என்றும் முடிவாயிற்று; தேர்வின் பிடி தளர்ந்தது. மதிப்பெண் மோகமும் தணியவில்லை; மாநில முதலிடம் அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியும், பள்ளி வாசல்களில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் படம் போட்ட பேனர்கள் குறையவில்லை. அரசாணைக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது நம் விருப்பம். எத்தனை சென்டம் என்று கேட்டுப் பள்ளி தேடும் பெற்றோர், அந்தப் படங்களை அச்சிட்டு மகிழும் பத்திரிகைகள், விளம்பரத்துக்காக அந்த மோகத்தை வளர்க்கும் பள்ளிகள் என எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

இன்றைய 16 வயதுப் பிள்ளை ஓய்வுபெறும்வரை ஒரே வேலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாக ஒன்றைத் தானே கற்கும் திறன்தான் அதற்குக் கைகொடுக்கும். பொதுத்தேர்வு இல்லாத பிளஸ் ஒன், அதைப் பழக்கிக்கொள்ளக் கிடைத்திருக்கும் ஆண்டு. ஆய்வகத்தில் தவறாகச் செய்து பார்க்கலாம், நூலகத்தில் உட்காரலாம், புரியாததைக் கூச்சமின்றிக் கேட்கலாம்.

பிளஸ் ஒன் பாடம் உண்மையிலேயே நடக்கிறதா என்பதை இனி நாம்தான் கவனிக்க வேண்டும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பிளஸ் ஒன் நோட்டையும் ஆய்வகப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இதைக் கேட்கட்டும். கல்வித் துறை அதிகாரிகள் பிளஸ் ஒன் வகுப்புகளையும் முன்னறிவிப்பின்றிப் பார்வையிடட்டும். முதலாண்டு மாணவர்கள் எந்தெந்தப் பாடங்களில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு எழுதி அனுப்பட்டும்.