தோப்பின் விலையில் சகோதரியர் பங்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கங்களிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நம்மவர் குடும்பங்களுக்கு மாந்தோப்பும் புளியந்தோப்பும் இலவந்தோப்பும் உண்டு. சிலரிடம் தேக்கு வளர்ந்து காடாகவே நிற்கும் நிலமும் உண்டு. வாப்பா வைத்த மரங்கள் அவை. அவர் மறைந்தபின் மக்கள் ஆளுக்கொரு திசையாகப் பிழைக்கச் சென்றுவிடுகின்றனர். காவலுக்கு ஆளில்லை, கணக்குக் கேட்பாரில்லை. ஆகவே விற்றுவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. அதில் குற்றமொன்றும் இல்லை. எவ்வாறு விற்கிறோம் என்பதில்தான் குற்றம் புகுகின்றது.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 11, 12ஆம் வசனங்கள் யார் யாருக்கு எவ்வளவு என்று பங்குகளை வகுத்துரைக்கின்றன. இதை நாம் அறியாதவரல்லோம். எனினும் தோப்பு என்று வந்தவுடன், “விவசாய நிலத்திற்கு ஷரீஅத் சட்டம் செல்லாதே” என்று சட்டம் பேசுவோர் நம்மிடையே உளர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியே இயற்றப்பட்டது என்பது மெய்யே. ஆனால் அவ்விலக்கினைச் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949ஆம் ஆண்டிலேயே திருத்தம் செய்து நீக்கிவிட்டது. ஆதலின் தமிழ்நாட்டில் தோப்புக்கும் வீட்டுக்கும் வாரிசுரிமையில் வேறுபாடு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஒருவர் 12 ஏக்கர் மரத்தோப்பை விட்டு மறைகிறார். மனைவி ஒருவர், ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் மூவர். கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஒன்றரை ஏக்கர். எஞ்சிய பத்தரை ஏக்கரில் ஆண் மகன் ஒவ்வொருவருக்கும் 3 ஏக்கர். பெண் மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஏக்கர். கூட்டிப் பாருங்கள்: தாயும் பெண் மக்களுமாகப் பாதித் தோப்புக்கு உடையவர்கள்! சகோதரர் இருவர் மட்டும் கையெழுத்திட்டுத் தோப்பு முழுவதையும் கிரயம் செய்து கொடுத்தால், வாங்கியவருக்கு உண்மையில் சேர்வது 6 ஏக்கரின் உரிமையே. முஸ்லிம் சட்டத்தில் தந்தை கண்மூடிய அந்நொடியே அவரவர் பங்கு அவரவருக்கு உரியதாகிவிடுகிறது. மற்றவர் பங்கை விற்க மூத்தவருக்கும் அதிகாரமில்லை. பட்டா அண்ணன் பெயரில் மாறியிருப்பதால் மட்டும் தங்கையின் உரிமை மறைந்துவிடாது.

வாரிசுகளில் சிறுவர் இருப்பின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தாய் கையெழுத்திட்டால் போதும் என்று பலரும் நம்புகின்றனர். நீதிமன்றங்கள் கைக்கொண்டுவரும் முஸ்லிம் சட்டப்படி, தந்தைக்குப்பின் சிறுவரின் அசையாச் சொத்துக்குக் காப்பாளர் தந்தை சாசனத்தால் நியமித்தவரும், பாட்டனாரும், பாட்டனார் சாசனத்தால் நியமித்தவருமே. அவர்கள் இல்லையேல் நீதிமன்ற அனுமதி பெற்றாக வேண்டும். சிறுவருக்காக அண்ணன் செய்துகொடுத்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1952ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது.

இவையெல்லாம் எந்நிலத்துக்கும் பொருந்துவன. மரமுள்ள நிலத்துக்கென்றே ஒரு தனி வஞ்சகம் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுத முற்பட்டேன். நிலத்தை விற்குமுன் மரத்தை மட்டும் தனியே மரவியாபாரிக்கு விலைபேசி விடுகின்றனர். வெட்டுவதற்கென நிற்கும் மரத்தைப் பதிவுச் சட்டமும் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் அசையும் பொருளாகவே கருதுகின்றன. ஆகவே அதற்குப் பத்திரப்பதிவு வேண்டுவதில்லை. வில்லங்கச் சான்றில் சுவடும் இராது. தேக்கெல்லாம் லாரியேறிய பின்னர் மொட்டை நிலத்துக்குச் சகோதரியரை அழைத்து, “இதோ உன் பங்கு” என்று எண்ணிக் கொடுக்கின்றனர். அசையும் பொருளாயினும் அசையாப் பொருளாயினும் தந்தை விட்டுச்சென்றது அனைத்தும் பங்குக்குரியதே அன்றோ? நாற்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் விலை யார் பையில் போயிற்று?

மற்றொரு வழியும் உண்டு. பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, கைமாறும் தொகை வேறொன்று. சகோதரிக்குப் பங்கு கணக்கிடும்போது மட்டும் பத்திரத்து விலை நினைவுக்கு வரும்! ஆதலின் நான் கூறுவது இதுவே: மெய்யான விலையையே எழுதுங்கள். கிரயத்தன்று சகோதரியரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வாங்குபவர் அவரவர் தொகையை அவரவர் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தட்டும். நிலக்கிரயத்தில் ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டமும் 2015 முதல் பொதுவாகத் தடுத்தே இருக்கிறது. செலவுக்கு அஞ்சி விலையைக் குறைத்தெழுதுவோர், 2023இல் பதிவுக்கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதையாவது நினைவிற்கொள்க.

வாங்குவோருக்கும் சில சொற்கள். மலையடிவார நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருப்பின், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கெனவுள்ள குழுவின் முன்னனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. மீறிய கிரயம் செல்லாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். கூடலூர் வட்டத்து ஜன்ம நிலமெனில், 1969ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தால் எழுந்த வழக்குகளை அறிந்தவரிடம் கேட்காமல் முன்பணம் கொடாதீர்கள். மரத்தில் நிற்கும் காய் யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மகரந்தம் சேர்க்கப்பட்ட பேரீச்சை மரத்தை விற்றால் அதன் பழம் விற்றவருக்கே, வாங்குபவர் நிபந்தனை செய்துகொண்டாலன்றி, என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தகைய வழக்கை அன்றே தீர்த்து வைத்துள்ளார்கள்.

“மணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தாயிற்றே” என்பார் உளர். தந்தை உயிரோடிருந்து மனமுவந்து கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ அவர் மறைந்த பின்னரே பிறப்பது. ஒன்றை மற்றொன்றில் கழிக்க இயலாது. சகோதரி தானாகவே விட்டுக்கொடுக்க விரும்பினால், அவள் பங்கு இத்துணை, அதன் இன்றைய விலை இத்துணை, மரத்தின் விலை இத்துணை என்று முழுவதும் அறிந்த பின்னர் விடுதலைப் பத்திரம் எழுதட்டும். பிறந்தகத்து உறவு அறுந்துவிடுமே என்று அஞ்சி இடும் கையெழுத்தை விருப்பமென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

முன்னரே விற்றுவிட்டவர் என் செய்வது? சகோதரியின் கணக்கைத் தீர்க்கும்போது, விற்ற நாளில் பெற்ற தொகையை மட்டும் கணக்கிடுவது நேர்மையாகாது என்பதே என் கருத்து. அவள் பங்கைக்கொண்டு வாங்கிய மனையோ கடையோ இன்று பன்மடங்கு பெறுமாயின், அதனையும் நடுவில் வைத்துப் பேசுங்கள். வெட்டி விற்ற மரங்களின் கணக்கையும் அப்போது மறவாமல் எடுத்து வையுங்கள். எத்தனை மரம் நின்றதென்பது தோப்பில் விளையாடி வளர்ந்த அவளுக்கும் தெரியும்.