ஆன்ரோடு விலை என்னும் மூட்டை

எழுபத்து மூன்று வயதில் புதுக் கார் வாங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. என் மனைவியின் முட்டி வைத்தியத்துக்காக சிறுசேரியிலிருந்து தாம்பரத்துக்கு வாரம் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. போனில் கூப்பிடும் டாக்சிக்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்துவிடுவார்கள். ஒரு நாள் அவள் கைத்தடியோடு கேட் அருகே முக்கால் மணி நேரம் நின்றாள். அன்று முடிவு செய்தோம். ஓட்டுவதற்கு ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். கையில் இருந்தது முதிர்ந்த டெபாசிட் எட்டு லட்சம். அதற்கு மேல் கடன் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் உள்ள பழைய ஒப்பந்தம்.

விளம்பரத்தில் பார்த்த விலை 6,72,000. 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால் வந்த விலை அது. மகனோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன் (வரிக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டிலும் நெரிசல்தான்).

விற்பனைத் தம்பி காபி கொடுத்து உட்கார வைத்தார். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "ஆன்ரோடு எட்டு ஐம்பத்தெட்டு வருது சார். உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி மூணாயிரம் குறைச்சுத் தர்றேன். மீதிக்கு லோன் போட்டுக்கலாம்" என்றார்.

என் மகன் தலையாட்டினான். நான், "தம்பி, இந்த எட்டு ஐம்பத்தெட்டைப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். "அப்பா, எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்று மகன் காதருகே சொன்னான். அவனுக்குக் கூச்சம். முப்பத்து நான்கு வருடம் பில் பாஸ் செய்த குமாஸ்தாவுக்கு அந்தக் கூச்சம் எப்போதோ போய்விட்டது.

தாள் வந்தது. கார் 6,72,000. சாலை வரி 87,360. இன்சூரன்ஸ் 43,500. பதிவு மற்றும் ஹேண்ட்லிங் 12,500. ஆக்சசரீஸ் கிட் 17,900. கூடுதல் வாரண்டி 15,800. பெயின்ட் கோட்டிங் 8,500. ஃபாஸ்டாக் 600. கூட்டினால் 8,58,160.

இங்கேதான் என் ஆபீஸ் பழக்கம் உதவியது. ஒவ்வொரு வரியிலும் நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பணம் யாருக்குப் போகிறது, அவர்களுடைய ரசீது எனக்கு வருமா?

சாலை வரி அரசுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதில் பேரம் இல்லை. ஆனால் 10 லட்சத்தை ஒட்டிய கார் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். 9,90,000 காருக்கு வரி 1,28,700. 10,10,000 காருக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் ஏறினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லை என்று கணக்கே தாக்கல் செய்யாமல் அதை விட்டுவிடும் பென்ஷன்காரர்கள் உண்டு.

இன்சூரன்ஸில்தான் பெரிய இடைவெளி. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே அப்படி. அதே காப்பீடு எனக்கு வெளியே 31,200-க்குக் கிடைத்தது.

பதிவுக்குச் சட்டப்படி கட்டணம் 600 ரூபாய். இன்னும் சில சில்லறைச் செலவுகள் சேர்த்து ரசீது உள்ளவை 2,900 வந்தன. மீதி 9,600 என்ன என்று கேட்டேன். "ஹேண்ட்லிங் சார்... குடோன்லேர்ந்து கொண்டு வர்றது, கழுவுறது..." என்றார் தம்பி. கழுவாத காரை விற்பார்களா என்ன?

புதுச்சேரியில் ஃபிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பழைய ஃபிரெஞ்சுப் பத்திரிகைகளின் கார் விளம்பரங்களில் 'க்ளே ஆன் மேன்' என்று போட்டிருக்கும். 'சாவி கையில்' என்று பொருள். ஏற்றி வருவதும் துடைத்து நிறுத்துவதும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். அமெரிக்காவில் மன்ரோனி என்ற செனட்டர் கொண்டுவந்த 1958-ஆம் வருடச் சட்டப்படி, காரின் விலை, வண்டிக்கூலி எல்லாவற்றையும் பிரித்து எழுதிய தாளை உற்பத்தியாளரே ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அங்கேயும் 2021-இல் சிப் பஞ்சம் வந்தபோது டீலர்கள் பக்கத்திலேயே இன்னொரு தாள் ஒட்டி விலையை ஏற்றினார்கள் என்பது வேறு கதை. ஆனால் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. நம் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டுக்கு எம்.ஆர்.பி. இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் காரில் அப்படி ஒரு தாள் ஒட்ட நம் அரசும் உத்தரவு போட வேண்டும் என்பது என் கட்சி.

டீலர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காரில் தங்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு என்று அவர்களுடைய சங்கம் வெகுநாளாகச் சொல்லி வருகிறது. அதனால்தான் இன்சூரன்ஸிலும் மிதியடியிலும் பிடிக்கிறார்கள். அந்தத் தம்பிக்கும் மாதா மாதம் டார்கெட் இருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. லாபம் வேண்டுமென்றால் லாபம் என்று எழுதட்டும், ஹேண்ட்லிங் என்று எழுத வேண்டாம்.

புதுச்சேரி நண்பர் ஒருவர், "தம்பி வீட்டு விலாசத்தில் பி.ஒய். நம்பர் வாங்கிவிடு, வரி மிச்சம்" என்றார். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். டீலரிடம் ரசீது கேட்டுவிட்டு அரசை மட்டும் ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கிட், கோட்டிங், வாரண்டி மூன்றையும் அடித்தேன். வாரண்டியைப் பழைய வாரண்டி முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியின் கையேட்டிலேயே இருந்தது. மேனேஜர் வந்தார், போனார், மறுபடி வந்தார். மூன்று நாள் கழித்து 7,94,060-க்கு முடிந்தது. 64,100 ரூபாய் மிச்சம். மகன் வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது, "அந்தத் தாளை எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கப்பா. ஆபீஸ்ல ஒருத்தன் கார் பாக்குறான்" என்றான்.

வண்டி எடுத்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கியதும் முதல் பயணமே தாம்பரத்துக்குத்தான். கிட் வாங்காததால் உள்ளே மிதியடி இல்லை. என் மனைவி முதல் நாள் பேப்பரை விரித்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.