நஞ்சில்லாத வாயுவின் நஞ்சு

நிறமில்லை, மணமில்லை, தீப்பற்றாது, நஞ்சில்லை. சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவுக்கு வழங்கப்படும் நற்சான்று இது. மின்துறைத் தொழிலாளர்கள் எஸ்எஃப்-6 என்று அழைக்கும் இவ்வாயு, நாடெங்கும் உள்ள 132, 220, 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மின்னோட்டம் துண்டிக்கப்படும் நொடியில் எழும் மின்பொறியை அணைப்பது அதன் வேலை.

நற்சான்று பொய்யன்று. ஆனால் அது சிலிண்டரிலிருந்து வரும் புது வாயுவுக்கு மட்டுமே பொருந்தும். மின்பொறியின் வெப்பத்தில் சிதையும் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. எஞ்சியதிலிருந்தும், அது ஈரப்பதத்தோடும் உலோகத்தோடும் வினைபுரிவதிலிருந்தும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு, தயோனைல் ஃபுளோரைடு, டைசல்பர் டெக்காஃபுளோரைடு ஆகியவை பிறக்கின்றன. உலோக ஃபுளோரைடுகள் வெண்சாம்பல் தூளாக உட்சுவரில் படிகின்றன. பணியிடக் காற்றில் எஸ்எஃப்-6 பத்து லட்சத்தில் 1,000 பங்கு வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம். டைசல்பர் டெக்காஃபுளோரைடுக்கு அதே நிறுவனம் விதித்திருக்கும் உச்சவரம்பு பத்து கோடியில் ஒரு பங்கு. ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு!

பழுதான பிரேக்கரைத் திறந்து அந்தத் தூளைத் துடைப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் கையில் இருப்பது பழந்துணி. ஹைட்ரஜன் ஃபுளோரைடு தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பறிக்கும். வலி சில மணி நேரம் கழித்தே தொடங்கலாம். நுரையீரலில் நீர் கோப்பதும் அப்படியே தாமதமாகலாம். அதற்குள் அவர் வீடு திரும்பியிருப்பார். மறுநாள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனால், அது அவருடைய சொந்த நோயாகிவிடும். வேலையிடத்தின் விபத்துப் பதிவேடு வெள்ளையாகவே இருக்கும்.

புது வாயுவும் முற்றிலும் சாது அன்று. காற்றைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமானதால் கசிந்தால் கேபிள் பள்ளங்களில் தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றும். மணம் இல்லாததால் உள்ளே இறங்குபவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காது.

போபால் படுகொலைக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத்தைத் தெரிந்துகொள்ளவும், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டவும் தொழிலாளிக்கு உரிமை பிறந்தது. ஆனால் அபாயத் தொழில்களின் அட்டவணையில் மின் உற்பத்தி சேர்க்கப்பட்டதே தவிர, துணை மின்நிலையம் தனியே குறிப்பிடப்படவில்லை. 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த ஓட்டையை அடைக்கவில்லை, பெரிதாக்கியது. மின்விசை பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கு முன்பு 10 தொழிலாளர்கள் போதும், இப்போது 20 பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20இலிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டது. ஒரு ஷிப்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் வேலை செய்யும் துணை மின்நிலையத்தை இந்தக் கணக்கில் எங்கே தேடுவது?

ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய மின்கருவிகளில் இவ்வாயுவை 2026 முதல் தடைசெய்திருக்கிறது. காரணம் பருவநிலை: நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 23,500 மடங்கு புவியைச் சூடாக்கும். சரியான காரணமே. எனினும் பிரேக்கரைத் துடைக்கும் கையைப் பார்த்து வந்த தடை அன்று அது.

11, 33 கிலோவோல்ட் அளவுகளுக்கான வெற்றிட பிரேக்கர்கள் இந்தியாவிலேயே தயாராகின்றன. அந்த அளவுகளில் புதிதாக எஸ்எஃப்-6 வாங்குவதை மின்வாரியங்கள் இன்றே நிறுத்தலாம். உயர் மின்னழுத்தத்தில் மாற்று பரவலாகும்வரை, பிரேக்கரைத் திறக்கும் பணி பயிற்சிபெற்ற நிரந்தரத் தொழிலாளர்களுக்கே உரியதாக வேண்டும். வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் கருவி, முழு முகக்கவசம், கையுறை, தீக்காயத்துக்கான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு ஆகியவை ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கின்றனவா என்ற கேள்வியை மின்ஊழியர் சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசையிலேயே வைக்கலாம். களிம்பின் விலை சில நூறு ரூபாய்தான்.