திரும்பி வரும் எடைக்கு மன உறுதியைப் பழிக்காதீர்கள்

மாணவர்களே, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு சோற்றையே தொடாமல் எடையைக் குறைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொங்கலுக்குள் பழைய எடை திரும்பிவிடும். சிலருக்குக் கூடுதலாகவும் ஏறும். உடனே, "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று பேசுவோம். இந்தப் பேச்சு தவறு என்பது என் கருத்து. அறிவியல் வேறு காரணம் சொல்கிறது.

நம் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், "இருப்பு போதும்" என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. எடை குறைந்தால் லெப்டினும் குறைகிறது. வயிற்றில் சுரக்கும் கிரெலின் கூடிப் பசியைத் தூண்டுகிறது. 2011இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 10 வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் இவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. 'தி பிகஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை 6 ஆண்டுகளுக்குப் பின் சோதித்தார்கள். சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அப்போதும், ஓய்வில் அவர்களின் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரி குறைவாகவே செலவிட்டது. இந்த முடிவு 2016இல் வெளியானது.

ஆகவே "எத்தனை நாளில் குறையும்?" என்று கேட்காதீர்கள். "ஐந்து ஆண்டுக்குப் பிறகும் இதைச் செய்வேனா?" என்று கேளுங்கள். நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு அப்படிப்பட்டது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். இனிப்புப் பானத்துக்குப் பதில் வெறும் தண்ணீர். மாலையில் பந்தாய் புத்ரி கடற்கரையில் நண்பர்களோடு நடை. இரவில் போதிய தூக்கம். உடலின் எதிர்ப்பு இவற்றால் முற்றிலும் மறையாது. ஆனால் நிலைத்த பழக்கம்தான் அதற்கு ஈடுகொடுக்கும்.

நீங்கள் வளரும் வயதினர். பட்டினி கிடந்தால் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்து குறையும். எடை பற்றிக் கவலை இருந்தால் பெற்றோருடன் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்; உயரம் கூடும் வயதில் எடை ஏறாமல் இருந்தாலே சிலருக்குப் போதும் என்பார்.

வகுப்பில் எடை கூடிய நண்பனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். கேலி யாருடைய பசியையும் குறைப்பதில்லை. மாலை நடைக்கு அவனையும் அழையுங்கள்.