சுட வெச்சா சரியாயிடுமா?

டிஸ்கி: இது சமையல் குறிப்பு இல்லை மக்களே. எலக்ட்ரிக் குக்கரை நம்பி நான் பண்ணின ஒரு பாவத்துக்குப் பிராயச்சித்தம், அவ்வளவுதான்.

பொட்டி தட்டற பொழப்புல நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிரச்சனை வந்தாலும் முதல்ல ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம். முக்கால்வாசி நேரம் சரியாயிடும். இதே புத்தி சமையல்கட்டுலயும் வந்துடுது. நேத்து வெச்சதா? சுட வை. லேசா சந்தேகமா? இன்னும் நல்லா சுட வை. போன மே மாசம் வரைக்கும் நானும் இந்தக் கட்சிதான்.

வேளச்சேரில நானும் நண்பன் ஒருத்தனும் ஒரே ரூம். ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு சோறு வெச்சேன். அப்புறம் மனசு மாறி ரெண்டு பேரும் வெளிய போய் பரோட்டா சாப்ட்டுட்டு வந்துட்டோம். சோறு குக்கர்லயே கிடந்தது. மறுநாள் மத்தியானம் மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. முட்டை, வெங்காயம், சோயா சாஸ் எல்லாம் போட்டு ஆவி பறக்க ஃப்ரைட் ரைஸ் பண்ணியாச்சு. சாப்பிட உக்காரும்போது அம்மா போன். நான் ரெண்டு வாய்தான் சாப்ட்டேன், மிச்சம் முழுக்க அவன் முடிச்சான். ரெண்டு மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சது. சாயங்காலம் ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ்.

நான் நேரா பரோட்டா கடையைத்தான் திட்டினேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேருக்கு "அங்க போகாதீங்க"ன்னு மெசேஜும் தட்டிட்டேன். டாக்டர் கேட்டது ரெண்டே கேள்வி. "கடைசியா என்ன சாப்ட்டார்?" "அந்த சோறு எப்ப வெச்சது?" சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... டெஸ்ட் எதுவும் எடுக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சாப்ட்ட சில மணி நேரத்துலயே இப்படி வாந்தி வந்தா அந்த சோத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும்னார்.

ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். ஆளோட பேரு பேசில்லஸ் சீரியஸ். பேரே சீரியஸ்! அரிசிலயே இதோட வித்து மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். சோறு கொதிக்கறப்ப சாகாம தப்பிச்சுடும். அப்புறம் சோறு வெதுவெதுன்னு கிடக்கும்போது முளைச்சுப் பெருகி ஒரு விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் 121 டிகிரில ஒன்றரை மணி நேரம் வெச்சாலும் அழியாது. நம்ம வாணலி எந்த மூலைக்கு? சுட வெச்சா கிருமி சாகலாம், அது விட்டுட்டுப் போன விஷம் அப்படியே இருக்கும். வாடையும் மாறணும்னு அவசியம் இல்லை. 1970கள்ல இங்கிலாந்துல சீன உணவகங்கள்ல ஃப்ரைட் ரைஸ் சாப்ட்ட பலர் வாந்தி எடுத்ததுக்கும் இதே கதைதான். மொத்தமா வேகவெச்ச சோத்தை வெளியவே வெச்சிருந்து அப்பப்ப வறுத்துக் குடுத்திருக்காங்க.

அம்மாகிட்ட சொன்னா, "போடா, ஃப்ரிட்ஜே இல்லாமதான் உங்களை வளர்த்தோம், பழைய சோறு சாப்ட்டு யாருக்கு என்ன ஆச்சு?"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா அங்கதான் விஷயமே இருக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாததால அவங்க அளவா வடிச்சாங்க, வேளைக்கு வேளை முடிச்சாங்க. மிஞ்சினா அன்னிக்கு ராத்திரியே தண்ணி ஊத்தினாங்க. அது நொதிச்சு லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பேறும். புளிப்பு ஏற ஏற சீரியஸ் அண்ணாச்சிக்கு ஆட்டம் கம்மி. மூடி போட்ட குக்கர்ல பதினஞ்சு மணி நேரம் சும்மா கிடந்த என் சோறும் அதுவும் ஒண்ணில்லை.

நாம ஃப்ரிட்ஜையும் வெச்சுக்கிட்டு, "சூடா உள்ள வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்"னு வெளிய வெச்சு மறந்துடறோம். அகலமான தட்டுல பரப்பினா சோறு சீக்கிரம் ஆறிடும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். வெளிய 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரு மணி நேரம்தான் கணக்கு. சென்னை மே மாசத்துக்கு எந்தக் கணக்குன்னு நான் சொல்லணுமா? மறுநாளே சாப்ட்டு முடிச்சுடணும். வெளிய ராத்திரி பூரா கிடந்ததா, மனசைக் கல்லாக்கிக்கிட்டு கொட்டிடணும். சோத்தைக் கொட்டறது பாவம்தான், அதுக்குத்தான் அளவா வைக்கச் சொல்றேன்.

என் கட்சி இப்ப இதுதான்: கடைச் சாப்பாட்டுல ஈ மொய்க்குதா, கை கழுவினானான்னு ஆயிரம் பார்க்கறோம். வீட்டுச் சாப்பாடுன்னா சுத்தம்னு கண்ணை மூடிக்கறோம். மூக்கை நம்பறதை விட்டுட்டு கடிகாரத்தைப் பாருங்க.

நண்பன் ரெண்டு நாள்ல எழுந்து உக்காந்துட்டான். அந்த நாலு பேருக்கும் "கடை மேல தப்பு இல்லை போல, என் சோறுதான்"னு திரும்ப மெசேஜ் அனுப்பினேன். ஒரு மாசம் ஓட்டினாங்க. அந்தக் கடைல இப்பவும் பரோட்டா சாப்பிடறோம். கடைக்காரருக்கு நான் திட்டினதே தெரியாது. ரூம்ல சோறு மட்டும் இனிமே அவன்தான் வைப்பானாம் :-)

உங்க வீட்டுல மோந்து பார்த்தே தீர்ப்பு சொல்ற நாட்டாமை யாருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.