வாழ்க்கைப் பயிற்சியும் தண்டல் கணக்கும்

வாழ்க்கையை உயர்த்திக் காட்டுகிறோம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் 'லைஃப் கோச்' எனப்படும் பயிற்சியாளர்கள் நகரத்துக்கு நகரம் பெருகிவிட்டார்கள். அவர்களில் ஒரு சாரார் 'சிஸ்டம்' என்ற சொல்லை முன்வைக்கிறார்கள். மனிதனின் பழக்கம், வருமானம், உடல்நலம், குடும்பம் எல்லாம் ஒன்றையொன்று இழுக்கும் சக்கரங்கள். ஒன்றை மட்டும் திருத்திப் பயனில்லை, எந்த அச்சைத் தொட்டால் மற்றவையும் திரும்பும் என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் தவறில்லை. அமெரிக்காவில் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைகளுக்காக வகுத்து 1961-இல் நூலாக்கிய முறை அது. 1990-இல் பீட்டர் செங்கே அதை நிர்வாகிகளுக்கு ஏற்றபடி எழுதியபோது தனிமனித வளர்ச்சியையும் ஒரு பாடமாகச் சேர்த்தார். ஆனால் நிர்வாகிக்குத் தைத்த சட்டையை மட்டாஞ்சேரிக் கிடங்கில் மூட்டை சுமப்பவருக்கும் பஜார் ரோடு குமாஸ்தாவுக்கும் அப்படியே மாட்டிவிடப் பார்ப்பதுதான் வேடிக்கை.

நம்மவர்களின் சக்கரம் எது? தண்டல் கணக்கு. பத்தாயிரம் எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது. தினம் 100 ரூபாய் போன பிறகு ஊருக்கு அனுப்பும் பணம் குறைகிறது. அங்கே கைமாற்று வாங்குகிறார்கள். அதை அடைக்க இங்கே அடுத்த தண்டல். ஆண்டுக்கு மூன்று எடுப்பவர் 4,500 ரூபாயை வட்டியாகவே கட்டி முடிக்கிறார்.

இவரிடம் வந்து ஒழுங்கு வேண்டும், விடியற்காலை எழ வேண்டும், இலக்கை எழுதி வைக்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். நூறு நாளும் தவறாமல் தவணை கட்டுகிற மனிதருக்கா ஒழுங்கைக் கற்றுத்தர வேண்டும்? அவர் எழுவதே நாலரை மணிக்கு!

சிஸ்டம் என்றால் என்ன என்று அறிய வேலி மைதானத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம். ஃபோர்ட் கொச்சியின் சலவைத் தொழிலாளர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் துணி வெளுக்கக் கொண்டுவந்த குடும்பங்களின் வழியினர். நெடுங்காலம் ஆங்காங்கே குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் ஒரு பொதுச் சலவைக்கூடம் கட்டிக் கொடுத்தது. அதை நடத்துவது அவர்களுடைய வண்ணார் சங்கம். துவைக்கத் தனித்தனித் தொட்டி. உலர்த்தப் பொது மைதானம். அன்று அவர்களுடைய மனப்பான்மையை யாரும் திருத்தவில்லை. தண்ணீரும் இடமும் ஓரிடத்தில் அமைந்தன, சங்கம் இருந்தது, தொழில் நின்றது.

மனம் ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லவில்லை. 'எண்ணங்கள்' எழுதித் தமிழ் இளைஞர்களுக்கு ஊக்கம் தந்த எம்.எஸ். உதயமூர்த்தியே, 1988-இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கி ஊர்க் காரியங்களில் இறங்கினாரே! எண்ணம் மட்டும் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை.

தண்டலுக்குத் தள்ளுவது பெரும்பாலும் ஒரு நோய், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஊரில் ஒரு சாவு. அச்சு அங்கேதான் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்காகக் கேரள அரசு 2017-இல் தொடங்கிய 'ஆவாஸ்' திட்டத்தில் 15,000 ரூபாய் வரை சிகிச்சையும், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. வட்டிக்காரர்களிடமிருந்து மீட்க 2018-இல் 'முற்றத்தெ முல்ல' என்ற பெயரில் குடும்பஸ்ரீ மூலம் கூட்டுறவுக் கடன் வந்தது. தபால் அலுவலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலேயே கணக்குத் தொடங்கலாம். அது தண்டல்காரருக்குக் கட்டும் ஒரு நாள் தவணை. இவற்றில் எது தனக்குக் கிடைக்கும், எந்தக் காகிதம் வேண்டும் என்று மலையாளப் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள்!

நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை ஊரிலிருந்து வரவழைப்பது வழக்கம். அடுத்த விழாவில் பேச்சாளரின் வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தி, மண்டப வாசலில் ஒரு மேஜை போடட்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் இருவர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும்.